மோவாய் உயரத்துக் கண்ணாடி

நயீம் அகமது புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைப்படி இறங்கி, சாலையோரத்தில் வடக்குப் பார்த்து நின்றார். முதுகை நிமிர்த்தினார். இடது உள்ளங்கையைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, வெளிச்சம் வழுக்குகிற மாதிரி மெல்லச் சாய்த்து, ரேகைகளைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி எதிர்வரிசைப் பிரியாணிக் கடையின் பலகையை வாய்விட்டுப் படித்தார். அதற்கும் அப்பால் மொட்டைமாடியில் காய்கிற லுங்கியின் கட்டங்கள் வரை பளிச்சென்று தெரிந்தன. உள்ளே திரும்பி, "பாஸு. பில் போடுமா" என்றார்.

கடையில் கண் பரிசோதிக்கிற பெண் ஜாஸ்மின், "உள்ளயே பாத்துக்கலாம் பாய், வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதையும் அவருக்கு இப்படித்தான் பார்க்க வரும். சட்டைத் துணியோ, வஞ்சிர மீனோ, அக்கா மகளுக்கு வந்த மாப்பிள்ளையின் போட்டோவோ, நிமிர்ந்து நின்று வடக்கு வெளிச்சத்தில் காட்டினால்தான் பாஸாகும்.

வேலை அப்படி. ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் கம்பெனியில் செலக்‌ஷனில் இருக்கிறார். அங்கே வடக்குச் சுவர் முழுக்க ஜன்னல். வெயில் நேராக விழாது, வெளிச்சம் மட்டும் வரும். ஜன்னலடியில் சாய்வு மேசை. பதனிட்ட ஆட்டுத்தோலை இரண்டு பேர் வீசிப் போட்டால், அது மேசையில் படிந்து அடங்குவதற்குள் நயீம் ஒரு தடவு தடவி அதன் தரத்தைச் சொல்லிவிடுவார். உண்ணி கடித்த புள்ளி, வேலி முள் கிழித்த கோடு, அம்மைத் தழும்பு எதுவும் அவருக்குத் தப்பாது. "எனக்குத் தெரியாம ஒரு உண்ணி ஆட்டக் கடிச்சிருமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். அந்தக் கர்வத்துக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. மீசைக்கு அடிக்கிற சாயம் அதைக் கொஞ்சம் கம்மியாகக் காட்டும்.

கையெட்டும் தூரம் வரை அந்தக் கண்ணுக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. கெட்டது அதற்கு அப்பால். அது கம்பெனியில் தெரியவில்லை, வீட்டில் தெரியவில்லை. தெரிந்த ஒரே இடம் பேக்கரி மாடியில் பிரேம்நாத் நடத்துகிற பில்லியர்ட்ஸ் பார்லர். கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அது மோதி மற்ற பந்துகளைக் குழியில் தள்ளுகிற ஆட்டம். பச்சைத் துணி விரித்த மேசையின் அந்தக் கோடியில் இருக்கிற பந்துகளுக்கு விளிம்பு போய்விட்டது. இரண்டு பந்துகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒட்டிப் பிறந்த மாதிரி தெரிந்தன. அந்த விளையாட்டில் பந்தின் எந்த விளிம்பில் அடி விழ வேண்டும் என்பதுதான் எல்லாமே. விளிம்பே தெரியாதவன் என்னத்தை அடிப்பான்?

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நயீம் மேசை கோணல் என்றார். டியூப்லைட் கம்மி என்றார். கோலின் நுனியில் ஒட்டியிருக்கிற தோல் வில்லை மட்டம் என்றார். அதில் மட்டும் யாரும் எதிர்த்துப் பேசத் துணியவில்லை, தோல் விஷயம் ஆயிற்றே. பிரேம்நாத் பொறுமையான மனிதர். விளக்கை மாற்றினார், வில்லையை மாற்றினார். மேசையின் காலடியில் அட்டை கூட வைத்தார். நயீமின் பந்து மட்டும் குழியின் உதடு வரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது.

இதில் அதிகம் அடிபட்டவர் சுஹேல் அகமது. ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல உயரம், நல்ல கை. பேக்கரி மாடிக்கு மேசை வந்த புதிதில் இருவரும் ஒரே கோலை மாற்றி மாற்றிப் பிடித்து ஆடக் கற்றவர்கள். அன்றிலிருந்து ஜோடி ஆட்டம் என்றால் நயீம்-சுஹேல்தான். வாணியம்பாடியில், குடியாத்தத்தில், வேலூரில் எங்கே பெயர் கொடுத்தாலும் சேர்த்தே கொடுப்பார்கள். நயீமுக்கு வேலையை வாப்பா வாங்கித் தந்தார். பெண்ணை அம்மா பார்த்தாள். வீடு மாமனார் காட்டிய இடத்தில் கட்டியது. நாள் முழுக்க ஊரான் தோலைப் பொறுக்கி எடுக்கிற அந்த மனிதர் தனக்கென்று தானே பொறுக்கி எடுத்தது சுஹேலை மட்டும்தான்.

அந்த சுஹேல்தான் போன வாரம் படியிறங்கும்போது சொன்னார். உருதுவில் தொடங்கித் தமிழுக்கு வந்தார். கறாரான பேச்சுக்கு அவர்கள் தமிழுக்குத்தான் வருவார்கள். "நயீமு, ஞாயித்துக்கெழம வாலாஜாக்காரங்க வர்றாங்க. ஜெயிச்சா பெங்களூர் டோர்னமென்ட்டுக்கு நம்ம ஜோடி போவும். தோத்தா இதோட போதும்பா. நான் தபரேஸோட சேந்துக்கறேன். அவன் கேட்டுக்கிட்டே இருக்கிறான். கோச்சிக்காத."

"கோவம் இன்னா இதுல?" என்றார் நயீம். அன்றைக்கு வீட்டில் மனைவி சைரா வைத்த தால்ச்சாவில் உப்பு ஜாஸ்தி என்று சண்டை போட்டார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

அப்படித்தான் அவர் கண்ணாடிக் கடைக்கு வந்தது. ஜாஸ்மின் எழுத்துப் பலகையைக் காட்டினாள். கீழ் வரிசைகளை அவர் குத்துமதிப்பாகப் படித்தார். "கிட்டக்க சூப்பரா தெரியுது பாய். தூரத்துக்குத்தான் பவர் வந்திருக்குது" என்றாள். தூரத்துக்கு என்றால் அவமானமில்லை என்று தோன்றியது அவருக்கு. சட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் உள்ளே இருந்த இளந்தாரி வெளியே வந்துவிட்டான். ஒடுக்கமான தங்க நிறச் சட்டம். மூக்கின் பாதியில் உட்கார்ந்து, மீசையை எடுப்பாகக் காட்டும். அதைத்தான் நடைபாதையில் நிமிர்ந்து நின்று பாஸ் பண்ணினார்.

சாயங்காலமே மாடியேறினார். நிற்கும்போது மேசை புதிதாக வாங்கியது போலிருந்தது. பந்துகளின் மேல் எண்கள், கோல் நுனிக்குத் தேய்க்கிற சுண்ணப்பொடி துணியில் விழுந்த கறை, எல்லாம் தெரிந்தன. சுஹேலைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டுக் குனிந்தார். மோவாய் கோலைத் தொட்டது. எதிரே ஒரு தங்கக் கம்பி மட்டும் இருந்தது.

பில்லியர்ட்ஸ் ஆடுகிறவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மோவாயைக் கோலின் மேல் வைத்து, கண்ணைப் புருவத்துக்குள் செருகி மேலே பார்க்கிறான். அவன் பார்வை போவது கண்ணாடியின் உச்சி வழியாக. நயீமின் சட்டம் அங்கே முடிந்துவிட்டிருந்தது. கம்பிக்கு மேலே பார்த்தால் பழைய மங்கல். கம்பிக்குக் கீழே பார்க்கத் தலையைத் தூக்கினால் மோவாய் கோலை விட்டு விலகி, அடி கோணிற்று. தூக்கினார், தாழ்த்தினார், மூக்கின் மேலே தள்ளினார், பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லை. விழவே கூடாத வெள்ளைப் பந்து தானே போய்க் குழியில் விழுந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த தபரேஸ் தன் கோலைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

மறுநாள் கடை திறக்கும்போதே நயீம் வாசலில் நின்றார். "இன்னாமா கண்ணாடி குடுத்த? நின்னா தெரியுது, குனிஞ்சா போய்டுது. பேஜாரா இருக்குது."

"குனிஞ்சு இன்னா பாய் பண்றீங்க?"

அப்போதுதான் அவர் பில்லியர்ட்ஸ் ஆடுகிற விஷயத்தையே சொல்லவில்லை என்பது தெரிந்தது. ஜாஸ்மினுக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்டாளே, எதற்குக் கண்ணாடி என்று கேட்டாளே, "பாக்கறதுக்குத்தான்" என்று பதில் சொன்னவர் இவர்தானே. கான்டாக்ட் லென்ஸ் போட்டால் சட்டமே வேண்டாம் என்று யோசனை சொன்னாள். நயீம் தன் இரண்டு கைகளையும் அவள் முன் விரித்தார். கழுவிக் கழுவியும் போகாத தோல் தூளும் சாயமும் நக இடுக்குகளில் இருந்தன. "இந்த வெரல கண்ணுக்குள்ள வுடவா?" என்றார். அவளும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

பிறகு அந்தக் கடையில் நடந்ததை வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் வாசலிலேயே நின்று பார்த்தார்கள். நயீம் கவுண்டரின் மேல் கவிழ்ந்து, மூலையில் இருந்த குடையைக் கோலாகப் பிடித்து, அதன் மேல் மோவாயை வைத்தார். ஜாஸ்மின் எதிர்ப்புறம் முட்டி போட்டு அவர் கண்ணுக்கு நேராக வந்தாள். ஒவ்வொரு சட்டமாக மாட்டிப் பார்த்தாள். நாகரிகமான சட்டங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கடைசியில், யாரும் வாங்காமல் கீழ்த் தட்டில் கிடந்த ஒரு பழைய சட்டத்தை எடுத்தாள். அகலமும் உயரமுமாகப் பெரிய வட்டங்கள். மூக்கில் உட்காரும் இடத்தை இடுக்கியால் வளைத்து, முழுச் சட்டமும் புருவத்துக்கு மேலே ஏறி நிற்கும்படி செய்தாள். மேல் பக்கம் நெற்றியை விட்டு முன்னால் சாயாமல் பார்வைக்கு நேராக நிற்க, காதில் மாட்டும் கம்பிகளையும் திருப்பினாள். "அசையாதீங்க பாய். அந்தக் காலண்டர் ஆணியப் பாருங்க." பார்வை கண்ணாடியைக் கடக்கிற இடத்தில், ஏறக்குறைய உச்சியில், பேனாவால் இரண்டு புள்ளிகள் வைத்தாள். பவரின் நடு அந்தப் புள்ளிகளில் வர வேண்டும்.

அவர் நிமிர்ந்து தன்னைச் சுவர்க் கண்ணாடியில் பார்த்தார். ஆந்தை திரும்பிப் பார்த்தது.

"வேற டிசைன் இல்லியாமா?"

"அழகா தெரியணும்னா முன்னாடி வாங்கினது இருக்குது. பந்து தெரியணும்னா இதுதான்."

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று வாழ்ந்த மனிதருக்கு அது சுலபமான தேர்வு இல்லை. குடையை மூலையில் வைக்கப் போனார், திரும்பி வந்தார். மறுபடி கவிழ்ந்து பார்த்தார். காலண்டரின் ஆணிக்கும் கண்ணுக்கும் நடுவே இந்தத் தடவை எந்தக் கம்பியும் வரவில்லை. "செரி, போடு" என்றார் குடையில் மோவாயை வைத்தபடியே.

சனிக்கிழமை கண்ணாடி வந்தது. சைரா பார்த்துவிட்டு, "வெல்டிங் பட்டறையில குடுத்தாங்களா?" என்று கேட்டாள். நிற்கும்போது அதில் தரை ஏறி இறங்கியது. மாடிப்படியில் இரண்டு முறை காலை இடித்துக்கொண்டார். ஆனால் சாப்பாட்டு மேசையில் மோவாயை வைத்து, மறுகோடியில் இருந்த ஊறுகாய்ப் பாட்டிலின் எழுத்துகளைப் படித்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து சைரா அடுத்த கிண்டலை விழுங்கிவிட்டாள். எவ்வளவு பயந்து போயிருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிறு பகல் பார்லரில் நிற்க இடமில்லை. வாலாஜாப்பேட்டையிலிருந்து ஆல்வினும் அவன் கூட்டாளியும் வந்திருந்தார்கள். ஆல்வின் நயீமைப் பார்த்ததும், "இன்னா பாய், டி.வி. மாட்டிக்கினு வந்துட்டீங்க" என்றான். கூட்டம் சிரித்தது. சுஹேலும் சிரித்தார், கொஞ்சம் சங்கடத்தோடு. நயீம் குனிந்து முதல் பந்தை மேசையின் குறுக்கே கோடிக் குழிக்குள் அனுப்பினார். அடுத்ததையும் அனுப்பினார். அதற்குப் பிறகு டி.வி.யைப் பற்றி யாரும் பேசவில்லை.

நடுவர் பிரேம்நாத்தான். தொடங்குவதற்கு முன் விதியை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தார்: கோல் நுனியைத் தவிர வேறெது எந்தப் பந்தில் பட்டாலும் தப்பு, சட்டை பட்டாலும் தப்பு. தப்புச் செய்தால் வெள்ளைப் பந்து எதிராளியின் கைக்குப் போகும். அவன் அதை இஷ்டப்பட்ட இடத்தில் வைத்து அடிக்கலாம்.

ஆட்டங்கள் மாறி மாறி விழுந்து சமமாகி, கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றது. தங்கள் பந்துகளை எல்லாம் போட்டுவிட்ட வாலாஜாக்காரர்களுக்குக் கடைசியாகப் போட வேண்டிய கறுப்புப் பந்து மட்டும் பாக்கி. அதைப் போட்டால் முடிந்தது. ஆல்வின் அடித்தான், கறுப்பு குழியின் ஓரத்தில் தட்டி, நடு மேசைக்கு வந்து நின்றது. ஆம்பூருக்குக் கோடு போட்ட பந்து ஒன்றும் பிறகு அந்தக் கறுப்பும் பாக்கி. அடிக்க வேண்டியவர் சுஹேல்.

கோட்டுப் பந்து கோடிக் குழிக்குப் பக்கத்தில் இருந்தது. வெள்ளையோ தூரத்தில், எட்டாத இடத்தில். சுஹேல் மேசைமேல் ஏறாத குறையாகச் சாய்ந்து, இடது கையைக் கறுப்புப் பந்தைத் தாண்டி நீட்ட வேண்டியிருந்தது. நயீம் வழக்கம்போல் எதிர்க்கோடியில் குந்தி, மேசை விளிம்பில் மோவாயை வைத்துக் கோணம் பார்த்தார். கூட்டாளி அடிக்கும்போது அவர் இருக்கிற இடம் எப்போதும் அதுதான். அந்த உயரத்தில் அந்தக் கண்ணாடி எதையும் விடவில்லை. கறுப்புப் பந்தின் வெள்ளை வட்டத்தில் எட்டு என்ற எண் அவரைப் பார்த்து நேராக நின்றிருந்தது.

சுஹேலின் சட்டைக் கையில் பித்தான் போடவில்லை. கை முன்னால் போனபோது துணியின் விளிம்பு கறுப்பைத் தடவிற்று. எட்டு லேசாகச் சாய்ந்தது. பந்து இடம் மாறியதாகக் கூடச் சொல்ல முடியாது. சும்மா திரும்பிப் படுத்தது. உடனே சுஹேல் அடித்தார். கோட்டுப் பந்து குழிக்குள் விழுந்தது. வெள்ளை உருண்டு வந்து கறுப்புக்கு நேராக, பச்சைக் குழந்தைகூடத் தவறவிட முடியாத இடத்தில் நின்றது. கூட்டம் கை தட்டியது. யாரோ நயீமின் முதுகில் அறைந்தார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றான் ஆல்வின். "சட்டை பட்ட மாதிரி இருந்துச்சு."

"எங்க பட்டுச்சு?" என்றார் சுஹேல். "பட்டா எனக்குத் தெரியாதா?"

பிரேம்நாத் சுஹேலின் முதுகுப் பக்கம் நின்றிருந்தார். தனக்குத் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொன்னார். பிறகு மேசையைச் சுற்றிப் பார்த்தவர் கண்ணில் இன்னும் குந்தியபடியே இருந்த நயீம் பட்டார். "பாய், நீங்க அங்கதான இருந்தீங்க. உங்களுக்கு இன்னா தெரிஞ்சுது?"

பெஞ்சில் ஒருவர், "அவரையா கேக்கறீங்க, நல்லா கேட்டீங்க" என்றார். சிரிப்பு எழுந்தது. சுஹேல் அதைப் பிடித்துக்கொண்டார். "அவன் கண்ணப் பத்தி ஊருக்கே தெரியுமே. இவ்ளோ தூரத்துல அவனுக்கு இன்னா தெரியும்? வுடுங்க பிரேம்." சொல்லிவிட்டு நயீமைப் பார்த்துச் சிரித்தார். படியில் வைத்து எச்சரித்தபோது போன அந்தப் பழைய சிரிப்பு முழுசாகத் திரும்பி வந்திருந்தது. அது போதும் என்றிருந்தது நயீமுக்கு. அதற்காகத்தானே இந்த ஆந்தை முகத்தை மாட்டிக்கொண்டு நின்றார்.

"தெரியல" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அதைப் பொய் என்று ஒருவரும் சொல்லப் போவதில்லை. ஊர் மொத்தமும் அவருக்காக அதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது. சுஹேலுக்குத் துணி பட்டது உண்மையிலேயே தெரியாதோ என்னவோ. முகத்தைப் பார்த்தார். அங்கே அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"பாய் ஒண்ணும் சொல்லலன்னா ஆட்டம் நடக்கட்டும்" என்றார் பிரேம்நாத்.

சுஹேல் கோல் நுனியில் சுண்ணத்தைத் தேய்த்தார். குனிந்தார். கோல் வெள்ளைப் பந்தின் பின்னால் ஒருமுறை போய் வந்தது. நயீம் முழங்காலைப் பிடித்து எழுந்தார். கண்ணாடியில் தரை ஏறி இறங்கியதால் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். யாரும் வழி மறிக்கவில்லை. கைகொடுக்க வருகிறார் என்றுதான் நினைத்தார்கள். அவர் சுஹேலின் கோல் நுனிக்கு முன்னால் கையை நீட்டி வெள்ளைப் பந்தை எடுத்தார். ஆல்வினின் கையைப் பிடித்து விரித்து, அதை உள்ளங்கையில் வைத்தார்.